செங்கம் வரைக்கும்

ஓசூரில் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு நிக்கல் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே முப்பது வருஷமாகச் சத்தம் போட்டே உற்பத்தி நடத்தியவர் பூவராகன். அவருடைய ஐம்பத்தாறாவது வயதில், இனிமேல் நீங்கள்தான் சுற்றுச்சூழல் மேலாளர் என்று சொல்லி ஒரு புது நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. வெளிநாட்டில் ஹேண்டில்பார் வாங்குகிற கம்பெனி எழுதியிருந்தது. உங்கள் ஆலையில் ஒரு ஹேண்டில்பாருக்குச் செலவாகிற தண்ணீர் அதிகம், ஆறு மாதத்தில் பதினைந்து சதவீதம் குறைத்துக் காட்டுங்கள், இல்லையென்றால் பாதி ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம். பாதி ஆர்டர் போனால் இரண்டாம் ஷிப்ட் கிடையாது. இரண்டாம் ஷிப்டில் நாற்பத்திரண்டு பேர். அதில் பாதிப் பேரை வேலைக்கு எடுத்தவரே பூவராகன்தான்.

எவ்வளவு குறைக்க முடியும் என்று முதலாளி கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் அவரவர் டீ கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். பூவராகன் எழுந்து நின்று இருபது என்றார். கேட்டதே பதினைந்துதானே என்று முதலாளி சொன்னதற்கு, இருபது என்று மறுபடியும் சொன்னார். பதினைந்து என்று சொன்னால் பயந்த மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வேறு கணக்கு ஒன்றும் கிடையாது.

உற்பத்தி தெரிந்தவருக்கு இலக்கு வைக்கத் தெரியாதா? ஐந்து பிரிவுக்கும் ஐந்து தண்ணீர் மீட்டர் மாட்டினார். பிரிவுக்கு ஓர் இலக்கு, சுவரில் இலக்கைத் தொட்டால் பச்சை அடிக்கிற ஒரு படம், மாதாமாதம் முதலாவதாக வரும் பிரிவுக்கு ஒரு பிரஷர் குக்கர் பரிசு. நான்கு மாதத்தில் ஐந்து பிரிவும் இலக்கைத் தாண்டின. சுவர் முழுக்கப் பச்சை. பூவராகன் நான்கு குக்கரை நான்கு முறை கைகுலுக்கிக் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் ஆலை முழுக்கத் தண்ணீர் தருகிற போர்க்கிணற்றின் மீட்டரைப் பார்த்தார். அது குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

துப்புத் துலக்க அரை நாள் போதுமாக இருந்தது. கழிப்பறைக்கும் கேன்டீனுக்கும் தோட்டத்துக்கும் அவர் மீட்டர் மாட்டவில்லை. அங்கிருந்து ஐந்து பிரிவுக்கும் ஐந்து ரப்பர் ஓஸ் போயிருந்தது. அதிலும் ஒன்றிரண்டு ஓட்டை ஓஸ், வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனது. பூவராகன் கூரை அதிரக் கத்தினார். ஓஸைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் பதறவே இல்லை.

"மீட்டரைக் குறைக்கச் சொன்னீங்க சார். குறைச்சிட்டோம்."

இரண்டு மாதம்தான் மிச்சம். அன்று மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது நாற்பத்திரண்டு பேரின் முகமும் வரிசையாக வந்து தட்டுக்கு எதிரே நின்றன.

ஆலையின் பின்கட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. முப்பது வருஷத்தில் பூவராகன் அங்கே போனது இரண்டு தடவை. திறப்பு விழாப் பூஜைக்கு ஒரு தடவை, நாற்றம் வந்தபோது ஒரு தடவை. இப்போது மூன்றாவது தடவையாகப் போனார்.

அந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டவள் ஜெபசீலி. சாத்தான்குளத்துப் பக்கம், வேதியியல் படித்தவள், வயது முப்பத்திரண்டு. யார் எதைக் கேட்டாலும் வாயால் சொல்ல மாட்டாள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள். அதனால் ஆலை முழுக்க அவளுக்கு டீச்சர் என்று பெயர். பூவராகனும் கேலியாக அப்படிக் கூப்பிட்டதுண்டு. அன்று கூப்பிட்டதில் கேலி இல்லை.

"டீச்சர், அஞ்சு பிரிவும் இலக்கைத் தாண்டியாச்சு. தண்ணி மட்டும் குறைய மாட்டேங்குது. என்ன செய்யிறது?"

"உக்காருங்க சார்."

"உக்கார நேரம் இல்லம்மா. ரெண்டு மாசம்தான் இருக்கு."

"அதுக்குத்தான் சொல்லுதேன். உக்காருங்க."

கவிழ்த்துப் போட்ட ஒரு நீல டிரம்மைக் காட்டினாள். பூவராகன் உட்கார்ந்தார். எதிரே ஒரு குழாயிலிருந்து நிக்கல் பிரிவின் அலசல் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. பச்சைப் பயறு ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம். அவள் பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் ஆன பிறகு அவள் தலை நிமிர்ந்து குழாயைப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பாரைத் தூக்கி இறக்குகிற ஹாய்ஸ்டில் ஆள் மாறிவிட்டது, இப்போது ஏழுமலை நிற்கிறான் என்றாள். தண்ணீர் உண்மையிலேயே வெளுத்திருந்தது. அளவும் குறைந்திருந்தது.

பூவராகன் நம்பவில்லை. தொப்பை குலுங்க நிக்கல் பிரிவு வரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்தார். ஏழுமலைதான் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் ஒரு தந்திரம் செய்தார். நிக்கல் பிரிவுக்குப் போய் ஏழுமலையை இறக்கிவிட்டு வேறொருவனை ஏற்றினார். பூனை மாதிரி வந்து டிரம்மில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் போனது.

"ஏழுமலையை எறக்கிட்டீங்களா சார்?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏழுமலையை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆலையிலேயே மெதுவான கை அவனுடையது. மந்தமாக வேலை செய்கிறான் என்று இரண்டு மெமோ வாங்கியிருக்கிறான். இரண்டிலும் கையெழுத்து பூவராகனுடையது. மூன்றாவது மெமோ கொடுத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மந்தமா வேலை செய்யிறவன் கையில தண்ணி ஏன் வெளுப்பா வருது?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"டீ நேரமாச்சு சார். வாங்க, வடை சாப்பிடலாம்."

தலை போகிற காரியத்தைக் கேட்டால் வடை சாப்பிடக் கூப்பிடுகிறாளே என்று பூவராகனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கேன்டீன் மாதையன் சுடுகிற மெதுவடை லேசுப்பட்டதில்லை. எண்ணெயே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டு போனார்.

டீ நேரத்துக் கூட்டம். மாதையன் ஜல்லிக் கரண்டியால் வடையை அள்ளி அள்ளித் தாளில் கொட்டிக்கொண்டிருந்தான். பூவராகன் கைக்கு வந்த தாள் எண்ணெயில் ஊறி, அடியில் இருந்த உள்ளங்கை தெரிந்தது.

"யோவ் மாதையா, என்ன அவசரம் உனக்கு? கரண்டியைச் சட்டிக்கு மேலயே கொஞ்ச நேரம் பிடி. வடியிற எண்ணெய் சட்டியிலயே வடியட்டும். இப்படிக் கொட்டினா சட்டியும் காலியாகும், இந்தத் தாளும் வீணாகும், என் நெஞ்சும் வலிக்கும்."

சொல்லி முடித்து ஒரு வாய் கடித்தவர் மெல்லுவதை நிறுத்தினார். ஜெபசீலி வேறு பக்கம் பார்த்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு நிக்கல் பிரிவுக்கு நடந்தார். அவளும் பின்னால் போனாள்.

முப்பது வருஷம் பார்த்த காட்சிதான். நாற்பது ஹேண்டில்பார் தொங்குகிற ராக் நிக்கல் தொட்டியிலிருந்து மேலே வருகிறது. ஹாய்ஸ்டில் நிற்பவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறான். சரசரவென்று இழுத்து அலசும் தொட்டியில் இறக்குகிறான். நிக்கல் தொட்டியில் வடிய வேண்டியதெல்லாம் அலசும் தொட்டியில் போய்ச் சேருகிறது. அந்தத் தண்ணீர் சீக்கிரமே பச்சையாகிவிடுகிறது. அதனால் குழாயை முழுசாகத் திறந்து வைத்திருக்கிறான்.

பக்கத்து வரிசையில் ஏழுமலையை மறுபடி ஏற்றியிருந்தார்கள். அவனுடைய ராக் தொட்டிக்கு மேலேயே நின்றது. உதடு மட்டும் அசைந்தது. கம்பியாக ஒழுகியது சொட்டாகி, சொட்டும் நின்ற பிறகு நிதானமாக நகர்த்தினான். அவனுடைய குழாய் பாதி கூடத் திறந்திருக்கவில்லை.

தூணில் ஒரு பலகை இருந்தது. ராக்கை மூன்று எண்ணியதும் நகர்த்தவும் என்று அதில் எழுதியிருந்தது. கீழ்ப்பாதியில் அழுக்குப் படிந்து கெட்டியாகியிருந்தது.

பூவராகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த மடையன் இப்படி எழுதி வச்சான்?"

தொட்டி ஓரத்தில் கிடந்த வேஸ்ட் துணியை ஜெபசீலி எடுத்து நனைத்து, பலகையின் கீழ் மூலையை அழுத்தித் துடைத்தாள். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இப்படிக்கு, பூவராகன், உற்பத்தி மேலாளர். கூடவே பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அந்த வருஷம்தான் ஆலையில் உற்பத்தி சாதனை. முதலாளி அவருக்கு ஒரு வெள்ளித்தட்டுக் கொடுத்தார். அது இன்னும் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. பூவராகனுக்கு வெட்கமாக இருந்தது. துணியைக் கேட்டு வாங்கி, மிச்சப் பலகையையும் அவரே துடைத்தார்.

மறுநாள் ஏழுமலையை அறைக்குக் கூப்பிட்டார். அவன் தோய்த்த சட்டை போட்டு, கையில் ஒரு பையோடு வந்து நின்றான். லாக்கரில் இருந்த டிபன் பாக்ஸ், துண்டு, முருகன் படம் எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தன. மூன்றாவது மெமோ என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தான். உட்காரச் சொன்னதும் இன்னும் பயந்துபோனான்.

பூவராகன் பழைய மெமோ இரண்டையும் மேஜையில் வைத்து அவன் கண்ணெதிரே கிழித்தார். இது என்னுடைய தப்பு என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. ஏழுமலை பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ராக்கைத் தூக்கிட்டு எத்தனை எண்ணுவ?"

"எண்ண மாட்டேன் சார்."

"பின்ன என்ன செய்வ?"

"ஊருக்குப் போவேன்."

பூவராகனுக்குப் புரியவில்லை. ஏழுமலை தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ராக் மேல வந்தா ஓசூர் பஸ் ஸ்டாண்டு சார். அப்புறம் சூளகிரி, கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம். செங்கம் வந்ததும் எறங்கிடுவேன். அப்பத்தான் ராக்கை நகத்துவேன்."

"மூணுதானே எண்ணச் சொல்லிப் பலகை இருக்கு?"

"மூணுல மத்தூரே வராது சார். நடு ரோட்டுல எப்படி எறங்குறது? மனசு கேக்காது. நெஜத்துல பொங்கலுக்குத்தான் போக முடியுது. இங்க ஒரு நாளைக்கு நூறு தடவை போயிடுறேன்."

பையை லாக்கரில் வைத்துவிட்டு வா, உனக்கு வேறு வேலை இருக்கிறது என்றார் பூவராகன். முந்தாநாள் வரை வீட்டுக்கு அனுப்பப்பட இருந்தவன் அன்றிலிருந்து இரண்டு ஷிப்டுக்கும் பயிற்சி கொடுக்கிறவன் ஆனான்.

ராக்கை இப்படிப் பிடித்தால் ஷிப்டுக்குப் பத்து ராக் குறையும் என்று புது உற்பத்தி மேலாளர் சண்டைக்கு வந்தார். நானாக இருந்தால் இதைவிடப் பெரிதாகக் கத்தியிருப்பேன் என்று பூவராகன் அவரைச் சமாதானப்படுத்தினார். இரண்டு வாரத்தில் வேறொன்று தெரிந்தது. நன்றாக வடிந்த ஹேண்டில்பாரில் கறை விழவில்லை. மறுபடி முலாம் பூச வேண்டியவை குறைந்தன. பத்து ராக்கும் அந்த வழியாகத் திரும்பி வந்தன.

ஹாய்ஸ்ட் ஆட்களுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அடுத்தவன் ஊருக்கு நான் ஏன் போக வேண்டும் என்று ஒருவன் கேட்டதும், ஆளாளுக்கு அவரவர் ஊர் வழியை எடுத்துக்கொண்டார்கள். நிக்கல் பிரிவு பஸ் ஸ்டாண்டு மாதிரி முணுமுணுத்தது. தென்காசிக்காரர் ஊர் போய்ச் சேருவதற்குள் ராக்கே காய்ந்துவிடும் போல இருந்ததால், அவரைத் திருமங்கலத்தில் பஸ் ஏறச் சொன்னார்கள். சூளகிரிக்காரருக்கோ ஏறியதும் இறங்க வேண்டியதுதான். அவரை மூன்று நடை போய்விட்டு வரச் சொன்னார்கள்.

பூவராகனும் ஒரு நாள் ஹாய்ஸ்டைப் பிடித்துத் தன் ஊரான ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிளம்பினார். சேலத்தோடு நின்றுபோனார். அதற்கப்புறம் என்ன ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாகக் கம்பெனி காரில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறார். ராக் சொட்டி முடித்து அவருக்காகக் காத்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

ஓஸ்களைச் சுருட்டி எடுத்தார்கள். குழாய்களைப் பாதிக்குக் குறைத்தார்கள். பரிசுக்கென்று வாங்கி மிஞ்சியிருந்த இரண்டு குக்கரும் மாதையனிடம் போய்ச் சேர்ந்தன. பூவராகன் தினமும் காலையில் வந்ததும் சுவர்ப் படத்தைப் பார்க்காமல் நேரே பின்கட்டுக்குப் போய், டிரம்மில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். சீடனுக்கு ஐம்பத்தாறு, குருவுக்கு முப்பத்திரண்டு என்று ஆலையில் கேலி பேசினார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. டிரம் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

ஆறாவது மாதம் தணிக்கைக்கு ஒரு வெளிநாட்டு அம்மாள் வந்தாள். போர்க்கிணற்று மீட்டர் பத்தொன்பது சதவீதம் குறைந்திருந்தது. கடிதம் கேட்டது பதினைந்து, பூவராகன் சொன்னது இருபது. குறைந்த அந்த ஒன்று என்னுடைய வாய்க்கொழுப்பு என்று முதலாளியிடம் அவரே சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் நிக்கல் பிரிவில் நின்று கவனித்தாள். இவர்கள் எல்லோரும் பிரார்த்தனை செய்கிறார்களா என்று கேட்டாள். கூட வந்தவர் விளக்கிச் சொன்னார். அவள் நோட்டை மூடினாள். ஏழுமலையிடம் ஹாய்ஸ்டை வாங்கி ராக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்குப் போகிற டிராம் நிறுத்தங்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொன்னாள். கடைசிச் சொட்டு விழும்போதுதான் அவளுக்கும் வீடு வந்தது. ஆர்டர் முழுசாக நின்றது, இரண்டாம் ஷிப்டும் நின்றது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பூவராகன் ஒரு ஏணியைப் போட்டு அந்தப் பலகைக்கு வெள்ளை அடித்தார். அவருடைய பெயரும் தேதியும் அந்த மூன்றும் வெள்ளைக்கு அடியில் போய்விட்டன. கறுப்புப் பெயின்ட்டில் பிரஷை நனைத்துக்கொண்டு நின்றபோது, மாதிரித் தண்ணீர் பிடிக்கிற பாட்டிலோடு ஜெபசீலி அந்தப் பக்கம் வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர். ஏழுமலை செங்கம் போய்ச் சேர சரியா பன்னெண்டு எண்ணிக்கை ஆகுது. பன்னெண்டுன்னு எழுதிடட்டுமா?"

"எழுதுங்க சார். ஒங்களுக்கு அடுத்து வர்ற சார் பத்துன்னு மாத்துவாரு. அவருக்கு அடுத்தவரு எட்டுன்னு மாத்துவாரு."

பிரஷ் அந்தரத்தில் நின்றது. எட்டை மூன்றாக்க யார் வருவார் என்று அவருக்குத் தெரியும். அவரை மாதிரியே ஒருவர் வருவார்.

"அப்ப அந்த ஊர்ப் பேரையெல்லாம் வரிசையா எழுதிடறேன். செங்கம் வரைக்கும்."

"அது ஏழுமலை ஊரு சார்."

பிரஷிலிருந்து ஒரு சொட்டு பூவராகன் செருப்பில் விழுந்தது.

"ஒண்ணுமே எழுதாம விட்டா, நாளைக்குப் புதுசா வேலைக்கு வர்றவனுக்கு எப்படித் தெரியும்? மறுபடி குழாயை முழுசாத் திறப்பான். மறுபடி ஒரு லெட்டர் வரும். அப்ப இவங்க கதி?"

சங்கு ஊதியது. இரண்டாம் ஷிப்ட் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாற்பத்திரண்டு பேர், தோளில் துண்டும் கையில் டிபன் பையுமாக, வெள்ளைப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போனார்கள். ஜெபசீலி அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"பலகை சும்மாவே இருக்கட்டும் சார். புதுசா வர்றவன், இதுல ஒண்ணும் எழுதலையே, எவ்வளவு நேரம் பிடிக்கணும்னு பக்கத்துல நிக்கிறவங்கிட்ட கேப்பான்."

"கேட்டா?"

"ஒனக்கு எந்த ஊருன்னு அவன் கேப்பான்."